அலுப்பான வழியின் பயன்

யாத்திரை என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவன கோபுரமும் கானகமும் கடற்கரையுமேயாம். செல்வச்சந்நிதியினின்று கதிர்காமம் நோக்கி ஒரு மாதத்துக்கு மேலாக நடக்கும் அடியார்களின் வழியிலும் கோணேசர் கோயில், வெருகற் சித்திரவேலாயுதர் கோயில், உகந்தை, குமண வனம் என்பனவே வியந்து பேசப்படுகின்றன. திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே கழியும் நடையைப் பேசுவார் இலர். கச்சான் காற்று அனலென வீசும். தார்வீதியும் மின்கம்பங்களும் பற்றைக்காடும் மாறாது தொடரும். இத்துண்டை மட்டும் பஸ் வண்டியிற் கடந்தால் என்ன என வினவுவார் உளர். கடத்தல் தகாது என்பதே எமது துணிபு.

அழகிய வழியிற் கண் நம்மை நடத்திச் செல்லும். அலுப்பான வழியிலோ காலே துணை. வண்டியிற் செல்வோனுக்குத் தூரம் ஓர் எண். நடப்போனுக்கு அது தாகம், கொப்புளம், சாயும் பொழுது. தூரத்தின் உண்மை விலையை உடலாற் கற்பிக்கும் ஆசான் இத்தகைய நாளே.

இக்கல்வி எதற்கு உதவும்? அவ்வழியருகே உள்ள குறிஞ்சாக்கேணியை நினைமின். 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டபின் நெடுஞ்சாலையிற் செல்வோர் படகுத்துறையை மறந்தனர். குறிஞ்சாக்கேணி மக்களோ, புதிய பாலம் அமைக்கும் வேலையால் பழைய வழி அடைபட, 2021இல் களப்பைக் கடக்கப் படகுப்பாதையையே நம்பியிருந்தனர். அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாட் காலை அது கவிழ்ந்தது. பள்ளி சென்ற சிறார் உட்படப் பலர் மாண்டனர். மாற்றுவழி ஒன்று இருந்ததே எனப் பின்னர்ச் சொல்லப்பட்டது. மாற்றுவழி என்று சொல்லுதல் எளிது. புத்தகப் பையுடன் நாள்தோறும் இருமுறை அதனை நடந்து அளத்தல் அரிது.

யாம் விரும்பி ஏற்கும் களைப்பு ஓரிரவு உறக்கத்தில் தீரும். வேறு வழியின்றி நடப்போர்க்கு அது விடியுந்தோறும் புதிது. அவர் எச்சமயத்தவராயினும் நம் அயலவரே. அவர்தம் களைப்பை உணராத யாத்திரை நிறைவுற்ற யாத்திரை ஆகுமோ?

மாணவர்காள்! நாளை உங்களுட் சிலர் பொறியியலாளராய், அதிகாரிகளாய் அமர்வீர்கள். ஒரு பாலத்தை அடைக்க ஆணையிடுமுன், அதற்கு ஈடாக நீங்கள் காட்டும் வழியை நண்பகல் வெயிலில் ஒருமுறை நடந்து பாருங்கள். அதன்பின் கையொப்பமிடுங்கள்.