பாடுவோனும் பிடிப்போனும்

விளையாட்டுக் களத்திலே வெற்றிக்கு உழைப்போர் இரு திறத்தினர். முன்சென்று புள்ளி ஈட்டுவோர் ஒரு திறத்தினர். எதிரணியினர் புள்ளி ஈட்டாவண்ணம் பின்னின்று காப்போர் மற்றொரு திறத்தினர். முன்னவரை உலகம் தோளிலே தூக்கிக் கொண்டாடுகின்றது; பின்னவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. மீன்பாடும் தேன்நாட்டினராகிய நாமும் கபடியிலே பாடிச் செல்வோனையே போற்றுகின்றோம். அவனைப் பிடிப்போனைப் போற்றுவதில்லை. இந்நிலை மாறவேண்டும்; அம்மாற்றம் நம் கல்லூரியிலே, இவ்விழா ஆண்டிலே தொடங்கவேண்டும் என்பது என் கருத்து.

பிடிப்போனின் பெருமைக்குச் சான்றாகத் தமிழ்நாட்டு வீரர் ஒருவரை இங்கு எடுத்துக் காட்டலாம். தருமராஜ் சேரலாதன் தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியிலே 1975ஆம் ஆண்டு பிறந்தவர். களத்திலே அவருக்குரிய இடம் மூலை. 2014ஆம் ஆண்டு இந்தியாவிலே புரோ கபடித் தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 39. ஓட்டமும் பாய்ச்சலும் மிகுந்த ஓர் ஆட்டத்தில் அது பலரும் ஓய்வு பெற்றுவிடும் வயது. அவரோ 2016ஆம் ஆண்டிலே பாட்னா அணிக்குத் தலைமை தாங்கி, அதனை அத்தொடரின் வாகையராக்கினார். அவ்வாண்டு ஐப்பசியில் அகமதாபாத்திலே உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியிலும் 41 வயதினராக இடம் பெற்றார். 2019ஆம் ஆண்டில், 44ஆம் வயதிலே, அரியானா அணியின் தலைவராயினார். தமிழறியாத வடநாட்டு வீரரும் அவரை 'அண்ணா' என்றே அழைத்தனர்.

இஃது எவ்வாறு இயன்றது? விடை அவர் நின்ற இடத்திலேயே உள்ளது. கபடியிலே பாடி வருவோனுக்கு 30 விநாடிகள் உண்டு. அவ்விநாடிகளுக்குள் அவன் தொட்டும் மிரட்டியும் தன் விருப்பம்போல் ஆடலாம். மூலையில் நிற்பவனோ காத்திருக்கவேண்டும். வருவோனின் கால் எப்பொழுது தன் எல்லைக்குள் நீளும், எப்பொழுது அவன் உடற்பாரம் ஒரு காலிலே சாயும் என்று நோக்கி, அந்தக் கணத்திலே கணுக்காலைப் பற்றவேண்டும். ஒரு கணம் முந்தினால் வருவோன் விலகிவிடுவான். ஒரு கணம் பிந்தினால் தொட்டுவிட்டு ஓடிவிடுவான். பிடித்த பிடி நழுவினாலோ, பிடித்தவனோடு துணைக்கு வந்தோரும் ஆட்டமிழப்பர். ஆதலால் மூலைக்காரனுக்கு வேண்டுவன பொறுமையும் கூர்நோக்குமே. கால்களின் விரைவு வயதோடு குறைகின்றது; கணமறியும் அறிவோ பயிற்சியோடு வளர்கின்றது. சேரலாதனின் நெடிய ஆட்ட வாழ்வு இவ்வுண்மைக்குச் சான்று.

காப்போரின் திறமே வெற்றி தோல்வியைத் தீர்க்கின்றது என்பதற்கும் கணக்கு உண்டு. 2016ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் முதற்பாதியிலே ஈரான் 18 புள்ளிகளும் இந்தியா 13 புள்ளிகளும் பெற்றிருந்தன. முடிவிலே இந்தியா 38-29 என வென்றது. பாடிச் சென்று புள்ளிகளைக் குவித்த அஜய் தாக்கூரின் பெயரை யாவரும் அறிவர். அவர் புகழுக்கு முற்றும் உரியவரே. ஆயினும், முற்பாதியில் 18 புள்ளி எடுத்த ஈரானைப் பிற்பாதியில் 11 புள்ளிகளோடு நிறுத்தியவர் யாவர் என்று எத்துணைப் பேர் வினவினர்? ஈராண்டு கழிந்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவிலே, 1990ஆம் ஆண்டு முதல் ஆடவர் கபடியிலே தங்கத்தைப் பிறர்க்கு விடாத இந்தியா, அரையிறுதியில் அதே ஈரானிடம் 18-27 எனத் தோற்றது. பாடுவோர் பலர் இருந்தும் அவர்களால் ஈரானியரின் பிடியை மீற இயலவில்லை.

காப்போரை மறக்கும் வழக்கம் நம்மிடம் மட்டும் உள்ளதன்று. அமெரிக்க உதைபந்தாட்டத்திலே தாக்குதற்கென ஓர் அணியும் காத்தற்கென வேறோர் அணியும் உண்டு. அங்கே டீக்கன் ஜோன்ஸ் என்னும் காப்பு வீரர், பந்தை எறியும் தலைவனை எறியுமுன்னரே வீழ்த்துவதிலே நிகரற்றவர். 1961 முதல் 1974 வரை அவர் ஆடினார். அச்செயலுக்குச் 'சாக்' என்னும் பெயரை வழங்கச் செய்தவரும் அவரே என்பர். ஆனால், அதனை ஆட்ட நிறுவனம் முறைப்படி எண்ணத் தொடங்கியது 1982ஆம் ஆண்டிலேதான்! அதனால், அவர் செய்த அருஞ்செயல்களுள் ஒன்றேனும் அந்நிறுவனத்தின் ஏட்டிலே ஏறவில்லை. பிற்காலத்து ஆய்வாளர் பழங்குறிப்புகளைத் துருவி 173.5 என்று கண்டனர். அந்த அரை எதற்கெனின், இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரையெனப் பகிர்வது அவர் முறை.

நம் முன்னோர் இத்துறையிலே நமக்கு வழிகாட்டியுள்ளனர். தொல்காப்பியம் மதிலை வளைத்தலையும் காத்தலையும் உழிஞை என்னும் ஒரே திணையில் அடக்கிற்று. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையோ மதில் காப்போர்க்கு நொச்சி எனத் தனித் திணை வகுத்து, அவர்க்கெனத் தனிப் பூவையும் சூட்டியது. நம் ஊர்களிலே ஆடும் கிளித்தட்டினையும் நோக்குக. கோடுகளைத் தாண்டி ஓடுவோர் பெயரால் அவ்விளையாட்டு வழங்கவில்லை. நடுக்கோட்டிலே நின்று மறிக்கும் கிளியின் பெயராலன்றோ வழங்குகின்றது!

அணியின் வெற்றி யாவர்க்கும் பொதுவாயிற்றே. காப்போனை வேறு பிரித்துப் பரிசளிப்பது தகுமோ எனச் சிலர் வினவலாம். தகாதெனின், மிகுந்த புள்ளி ஈட்டியவனுக்கும் பரிசளித்தல் தகாது. அவனுக்கு அளித்துவிட்டு இவனுக்கு மட்டும் 'யாவர்க்கும் பொது' என்று அறம் உரைப்பது நேர்மையாகாது. காத்தல் பலர் கூடிச் செய்யும் வினையாதலின் எண்ணற்கரிது என்பாரும் உளர். அவர்க்கு மேற்கூறிய அரைக்கணக்கே விடையாகும்.

இதனால் மாணவர்க்கு விளையும் கேட்டையும் எண்ணுதல் வேண்டும். புகழ் எங்குளதோ அங்கேயே இளைஞர் மனம் செல்லும். மூலையில் நிற்கச் சொன்னால் முகம் வாடும் சிறுவன், தான் திறமையற்றவனென்று ஒதுக்கப்பட்டதாகவே கருதுகின்றான். அவனைக் குறைகூறிப் பயனில்லை. நாம் எண்ணாததை அவன் எவ்வாறு மதிப்பான்?

ஆதலின் இரண்டு செயல்களை வேண்டுகின்றேன். முதலாவது, இல்ல விளையாட்டுப் போட்டி தொடங்கி எல்லா ஆட்டங்களிலும், கபடியிற் பிடித்தவன், உதைபந்தாட்டத்திலே தடுத்தவன் பெயரையும் புள்ளியேட்டிலே பதிவு செய்க. இதற்கு ஒரு தாளும் ஒரு பென்சிலும் கருத்துள்ள ஒரு மாணவனும் போதும். இரண்டாவது, அப்பதிவின்படி ஆண்டுதோறும் சிறந்த காப்பு வீரனுக்குப் பழைய மாணவர் சங்கம் ஒரு கேடயம் வழங்குக. கேடயம் என்பதே காக்குங் கருவி. அதனை இதுகாறும் தாக்குவோர்க்கே அளித்து வந்தோம். இனியேனும் அஃது உரியவன் கைக்குச் செல்லட்டும்.