கேட்கப்படாத கேள்வி

நோயாளியைக் காணச் செல்வோர் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, “இது எதனால் வந்தது?” என்பதாகும். மருத்துவரிடமே அதற்கு முழு விடை இல்லாத நோய்களும் உலகில் உள்ளன. ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்னும் நரம்பு நோய் அவற்றுள் ஒன்று.

பாரிஸ் மாநகரின் மருத்துவ மேதை ஷார்கோ 1868ஆம் ஆண்டிலேயே இதனை விரிவாக விளக்கியுள்ளார். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் உறையை, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தாக்கிச் சிதைக்கிறது. பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், உறங்கி எழுந்தாலும் அயர்ச்சி நீங்காது. சில வாரங்களில் தணிந்து, பின்னொரு நாள் மீண்டும் வரும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தோன்றும் இந்நோய், பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. ஒரு வைரஸ் தொற்றுக்கு இதில் பெரும் பங்குண்டென 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு வலுவாகக் காட்டியது. ஆயினும் அத்தொற்று மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு ஏற்படுவதே. அவருள் மிகச் சிலரை மட்டும் இந்நோய் ஏன் பற்றுகிறது என்பது விளங்கவில்லை. தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. முற்றாக நீக்கும் மருந்து இல்லை.

மருத்துவர் தயங்கும் இடத்தில் சுற்றத்தார் தயங்குவதில்லை. கண்ணேறு என்பார் ஒருவர். செய்வினை என்பார் மற்றொருவர். முன் செய்த பாவம் என்று முடிவே கூறிவிடுவார் இன்னொருவர். மணமான பெண்ணாயின், நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்ற பழியும் சேரும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கறுப்பினப் பெண்மணி ஒருவர் வந்த செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் தருகின்றன. தமக்கு வலிப்பு வருவதையும், அவ்வேளையில் ஆடை விலகிவிடுவதையும் கூறி, தமக்காக துஆச் செய்யுமாறு அவர் வேண்டினார். பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு என்றும், விரும்பினால் நலம் வேண்டி இறைஞ்சுவதாகவும் அண்ணலார் கூறினார்கள். அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்தார். ஆடை மட்டும் விலகாதிருக்க வேண்டுமென்றார். அதற்காக அண்ணலார் துஆச் செய்தார்கள்.

என்ன பாவம் செய்தாய் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அவர்தம் மானம் காக்கப்பட்டது. பொறுமையும் அவராகத் தேர்ந்ததே அன்றிப் பிறர் அவர்மீது சுமத்தியதன்று. மருத்துவம் செய்துகொள்ளப் பணிக்கும் நபிமொழிகளும் உள்ளன. “சபூர் செய்” என்று உபதேசித்துவிட்டு மருந்துச் செலவை நிறுத்திக்கொள்ளும் குடும்பத்தார் (அத்தகையோர் இல்லாமல் இல்லை) இவ்வேறுபாட்டை நோக்குவாராக.

நோயாளி வாய்விட்டு முறையிட்டால் ஈமான் குறைந்துவிட்டதாகக் கருதுவோரும் உளர். அய்யூப் நபி (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டதைத் திருமறையே கூறுகிறது. அவர்களைப் பொறுமையாளர் எனப் புகழ்வதும் அதே திருமறைதான். அவர்களை வருத்திய நோயின் பெயரை அது குறிப்பிடவில்லை.

இந்நோயாளரின் மற்றொரு துன்பம், பார்ப்பதற்கு நலமாய்த் தோன்றுவது. நேற்று நின்று தொழுதவர் இன்று நாற்காலியில் அமர்ந்தால், சோம்பல் என்று அருகிலுள்ளோர் முணுமுணுக்கின்றனர். நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ அண்ணலார் வழிகாட்டினார்கள். இறைத்தூதர் தந்த சலுகையைத் திரும்பப் பெற அடுத்த வரிசைக்காரருக்கு அதிகாரம் ஏது?

நோன்புக்கும் இது பொருந்தும். நோயாளி பின்னர் நோற்கத் திருமறை இடமளிக்கிறது. குணமாகும் நம்பிக்கையற்ற நோயாயின், நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. இதில் மருத்துவரையும் மார்க்க அறிஞரையும் கலந்தே முடிவு செய்தல் வேண்டும். உடற்சூடு ஏறினால் இந்நோயின் குறிகள் கடுமையாகும். கோடையில் லுஹர் தொழ வரும் இத்தகையோருக்காக, மின்விசிறியின் கீழ் ஒரு நாற்காலியை ஒதுக்கி வைக்க ஜமாஅத்தாருக்குச் செலவொன்றும் ஆகாது.