அழைப்புக்குக் காத்திருப்பதும் வேலைதான்

கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் நள்ளிரவிலும் தொலைபேசி ஒலிக்கும். அடைப்பு இல்லாத நாளில் கூலி இல்லை. அந்த அழைப்பு எந்தச் சாதியினரைத் தேடி வருகிறது என்பது நாடறிந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும் ஆளை இறக்குவது நிற்கவில்லை.

தொழில் நிறுவனங்களில் 24 மாதங்களில் 480 நாள் உழைத்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாதவர் அந்த நாட்களை எப்படி நிரூபிப்பார்? சாக்கடையில் இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செத்த பிறகுதான் அவர் தொழிலாளி என்று ஏட்டில் ஏறுகிறார்.

உயிரோடு இருக்கும்போதே வருகைப் பதிவு, காத்திருக்கும் நாளுக்கும் கூலி, எந்திரம் இல்லாத வேலையை மறுக்கும் உரிமை ஆகிய மூன்றையும் அரசு எழுத்தில் தர வேண்டும். ஒப்பந்தக்காரரைக் கைகாட்டி ஒதுங்க முடியாது.