பேரைச் சொன்னால் திரும்புகிறானா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மாயவரத்தில் உறவில் ஒரு காதுகுத்து. மற்ற பிள்ளைகள் எல்லாம் மேளக்காரரை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றே முக்கால் வயதுப் பையன் ஒருவன் மட்டும் ஓரமாகப் பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான். நாலு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பிஸ்கட் பாக்கெட் சத்தம் கேட்டதும் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பிடித்து பாக்கெட்டின் மேல் வைத்தான்.

அவன் அம்மாவிடம் தனியாகக் கூப்பிட்டு, குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொன்னேன். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், இவன் அப்பன் நாலு வயசுலதான் பேசினான்" என்றார் பாட்டி. வாத்தியாருக்கு வேண்டாத வேலை என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள்.

வேண்டாத வேலை இல்லை. 1989இல் என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். "உன் பேர் என்னடா?" என்றால் "உன் பேர் என்னடா?" என்று திருப்பிச் சொல்வான். கிண்டல் செய்கிறான் என்று பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தேன். அடித்தும் இருக்கிறேன். அடுத்த வருஷம் பள்ளிக்கே வரவில்லை. கேட்டதையே திருப்பிச் சொல்வதும் ஆட்டிசத்தின் ஓர் அடையாளமாக இருக்கலாம் என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். லியோ கானர் என்ற மருத்துவர் இதை 1943லேயே எழுதிவிட்டார். எங்கள் ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

பேச்சை மட்டும் பார்க்காதீர்கள். விரலைப் பாருங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை காக்காயைப் பார்த்தால் விரல் நீட்டி நமக்கும் காட்டும், நாம் பார்த்தோமா என்று முகத்தைத் திரும்பிப் பார்க்கும். காது கேளாத குழந்தைகூட இதைச் செய்யும். இது இல்லை, பேருக்குத் திரும்பவில்லை, வந்த வார்த்தைகள் மறைந்துபோயின என்றால் காட்டிவிடுங்கள். இதில் ஒன்று இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவு கட்டவும் வேண்டாம்; முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, தமிழிலும் உண்டு. அங்கன்வாடிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமும் கேட்கலாம்.

செல்போனைப் பிடுங்கி வைப்பது நல்லதுதான். ஆனால் "போனை நிறுத்திப் பார்ப்போம்" என்று ஆறு மாதம் ஓட்டாதீர்கள். தாய் வேலைக்குப் போனதால் வந்தது, தடுப்பூசியால் வந்தது என்பதெல்லாம் பொய். தடுப்பூசிக் கதையைக் கிளப்பிய 1998ஆம் வருஷக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் மாமியார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பெண் நேற்று போன் செய்தாள். காது பரிசோதனை முடிந்ததாம், கேட்கும் திறன் சரியாக இருக்கிறதாம். வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். "பெரியப்பா, நீங்களும் வரீங்களா?" என்றாள். போகிறேன்.