மாணவர் இதழுக்கு ஆலோசகர் வேண்டும், தணிக்கையாளர் வேண்டாம்

ஒரு செய்தித்தாளில் செய்தியே வரக்கூடாது என்று உத்தரவிட முடியுமா? அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக நிர்வாகம் 2025 அக்டோபரில் அதைத்தான் செய்தது. அங்கே 1867 முதல் வெளிவரும் மாணவர் பத்திரிகை 'இந்தியானா டெய்லி ஸ்டூடன்ட்'. முன்னாள் மாணவர்கள் கூடும் விழாவையொட்டிய அச்சிதழில் விழாத் தகவல்கள் மட்டும் இருந்தால் போதும், செய்திகள் வேண்டாம் என்றது நிர்வாகம். மாணவர் ஊடகங்களின் இயக்குநராகவும் பத்திரிகைக்கு ஆலோசகராகவும் இருந்த ஜிம் ரோடன்புஷ், இது தணிக்கை என்று சொல்லி மறுத்தார். அக்டோபர் 14 அன்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கையோடு அச்சிதழையும் நிறுத்தினார்கள். அதே மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான 'எக்ஸ்போனென்ட்', சிறப்பிதழ் ஒன்றை அச்சடித்து இந்தியானா வளாகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. எதிர்ப்பு வலுத்ததும் மாத இறுதியில் அச்சிதழுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த அறிவிப்பு ரோடன்புஷ்ஷின் பணிநீக்கத்தை மாற்றவில்லை.

எங்கோ அமெரிக்காவில் நடந்ததைச் சாதி ஒழிப்பு பேசும் நாம் ஏன் பொருட்படுத்த வேண்டும்? நம் கல்லூரிகளில் தலித் மாணவர்கள் எழுதவும் பேசவும் முயலும்போதெல்லாம் இதே கேள்விதான் குறுக்கே வந்து நிற்கிறது. மாணவர் இதழில் எது வரலாம் என்று முடிவெடுப்பது யார்? ஆலோசகராக இருக்கும் பேராசிரியரின் பொறுப்பு என்ன? முடிவெடுக்க வேண்டியது மாணவர்கள் என்பது என் கருத்து. ஆலோசகர் கற்றுக்கொடுக்கட்டும், எச்சரிக்கட்டும், வெளிவந்த பிறகு கடுமையாக விமர்சிக்கவும் செய்யட்டும். அச்சுக்குப் போகும் முன் "அனுமதிக்கப்பட்டது" என்று கையெழுத்திடும் அதிகாரம் மட்டும் அவரிடம் இருக்கக் கூடாது.

நிர்வாகங்களின் வாதம் நமக்குத் தெரிந்ததுதான். "பணம் தருவது நாங்கள். அவதூறு வழக்கு வந்தால் நீதிமன்றப் படியேறுவதும் நாங்கள். அதனால் முதலில் நாங்கள் படித்துப் பார்ப்போம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 1983இல் லூசியானா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட நியூ ஆர்லியன்ஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை தங்களை அவதூறு செய்தது என்று ஆசிரியர்கள் தொடுத்த வழக்கு அது. மாணவர் பத்திரிகையைக் கட்டுப்படுத்தும் உரிமை அரசுப் பல்கலைக்கழகத்துக்கு இல்லை, ஆகவே அதில் வந்ததற்குப் பல்கலைக்கழகம் பொறுப்பாகாது என்றது நீதிமன்றம். அதாவது கைவைக்காத வரைதான் நிர்வாகத்துக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக் கையெழுத்துப் போடுகிறவர்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் பதில் சொல்லும் நிலைக்கு ஆளாகிறார்.

அமெரிக்காவிலும் இது நிலையான உரிமையாக இருந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டு சிகாகோவை அடுத்த கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், 'இன்னொவேட்டர்' என்ற மாணவர் பத்திரிகை தன் ஆலோசகரின் பணி ஒப்பந்தம் நீட்டிக்கப்படாததைப் பற்றி எழுதியது. டீன் நேராக அச்சகத்துக்கே தொலைபேசியில் பேசி, நிர்வாகம் பார்க்காமல் இனி எதையும் அச்சிடக் கூடாது என்றார். மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். பள்ளி இதழ்களைக் கட்டுப்படுத்த அனுமதித்த 1988ஆம் ஆண்டின் ஹேசல்வுட் தீர்ப்பைக் கல்லூரிக்கும் நீட்டி, 2005இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் டீன் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது. மாணவர்கள் தோற்றார்கள், ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. இலினாய் மாநிலம் கல்லூரிப் பத்திரிகைகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அரசுக் கல்லூரிகளில் முன்தணிக்கை கூடாது, மாணவர் எழுத்தை அமுக்க மறுத்ததற்காக ஆலோசகரை நீக்கவோ மாற்றவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது அந்தச் சட்டம். மாணவர்களின் உரிமையையும் ஆலோசகரின் வேலையையும் சேர்த்தே காக்க வேண்டும் என்பதை அது புரிந்துகொண்டிருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். ஆண்டு மலரில் மாணவர் ஆசிரியர் என்று ஒருவர் பெயர் இருக்கும், படமும் இருக்கும். முடிவு மட்டும் அவர் கையில் இருக்காது. நான் இளங்கலை படித்த கல்லூரியில், உதவித்தொகைப் படிவம் கொடுக்க "எஸ்.சி. எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் அழைக்கும் வழக்கத்தைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். பொறுப்புப் பேராசிரியர் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி, ஆனா இது வேண்டாம், காலேஜுக்குக் கெட்ட பேரு" என்றார். அந்தப் பக்கத்தில் மழையைப் பற்றிய ஒரு கவிதை வந்தது. அவர் கெட்ட மனிதர் அல்லர். எனக்குப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அந்த மலருக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும், அவருடைய பதவி உயர்வுக்கு முதல்வர் கையெழுத்துப் போட வேண்டும். இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் நல்லவரும் தணிக்கையாளர் ஆகிவிடுவார். அந்தக் கத்தரி முதலில் வெட்டுவது சாதி என்ற சொல்லைத்தான்.

2015இல் தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி மாணவர்கள் இணைய வார இதழ் ஒன்றைத் தொடங்கினார்கள். தன் ஒப்புதல் இல்லாமல் வெளியிட்டதாகச் சொல்லி முதல்வர் அதைத் தடை செய்தார். இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அந்த உத்தரவுக்குத் தடை வாங்க முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அது பத்திரிகை அல்லதான். ஆனால் அங்கும் காட்டப்பட்டது அனுமதி விதிதான். பெயர் சொல்லாத ஒரு புகாரை மத்திய அமைச்சகம் அனுப்பிவைத்தது, அனுமதியின்றி நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்றது நிர்வாகம். நாடெங்கும் எழுந்த போராட்டத்துக்குப் பிறகே ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பியது.

"ஆசிரியர்கள் துணிந்து நிற்க வேண்டியதுதானே" என்று சிலர் கேட்கலாம். 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது அவர் மும்பை சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். அரசுப் பணியில் இருந்ததால் ஆசிரியர் என்று தன் பெயரைப் போட முடியவில்லை. பாண்டுரங் நந்தராம் பட்கர் பெயரில்தான் இதழ் வந்தது. திலகரின் 'கேசரி' காசு கொடுத்தும் அதற்கு விளம்பரம் போட மறுத்தது. அம்பேத்கருக்கே அந்த நிலை என்றால், ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் காத்திருக்கும் ஒரு கௌரவ விரிவுரையாளரிடம் வீரத்தை எதிர்பார்த்து மாணவர் உரிமையை ஒப்படைக்க முடியுமா? ஒருவரின் துணிச்சலை நம்பியிருக்கும் உரிமை, அவரை வேலையை விட்டு அனுப்பும் நாளில் போய்விடும். இந்தியானாவில் நாம் பார்த்தது அதைத்தான்.

நம் தோழர்களே எழுப்பும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆதிக்கச் சாதி மாணவர்கள் இதழைக் கைப்பற்றி நம்மை இழிவுபடுத்தினால் யார் தடுப்பது? அச்சம் நியாயமானது. அப்படி எழுதினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உன்மேல் பாயலாம் என்று முன்கூட்டியே எச்சரிப்பது ஆலோசகரின் கடமை. மீறி எழுதியவர் சட்டத்தின் முன் நிற்கட்டும், பாதிக்கப்பட்டவரின் மறுப்பு அதே இடத்தில், அதே அளவில் வரட்டும். ஆனால் அதைத் தடுக்க என்று நிர்வாகத்தின் கையில் கத்தரியைக் கொடுத்தால், அது யார் பக்கம் திரும்பும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆகவே ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் மூன்று விதிகளை எழுத்தில் கேட்போம். உள்ளடக்கத்தில் இறுதி முடிவு மாணவர் ஆசிரியர் குழுவுக்கு, அந்தக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு உறுதியான இடம். வெளியாகும் முன் நிர்வாக ஒப்புதல் என்ற நிபந்தனை கூடாது. மாணவர் எழுத்தை வெட்ட மறுத்ததற்காக எந்த ஆசிரியர் மீதும், நிரந்தரப் பணியோ தற்காலிகப் பணியோ, நடவடிக்கை கூடாது. ஆலோசகர்களாக இருக்கும் பேராசிரியர்களும் சங்கம் வழியாக இதைக் கேட்க வேண்டும், ஏனென்றால் மூன்றாவது விதி அவர்களுக்கானது.