ரசிகர் கேட்டு வாங்கிய மீன்

குத்துக்கல்வலசையில் சாரல் பிடித்த ஒரு மாலைப்பொழுதில் ஷூபர்ட்டின் 'டிரௌட்' குவின்டெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பியானோவோடு நான்கு தந்தி வாத்தியங்கள். 1819இல், இருபத்திரண்டு வயதில், ஷ்டையர் ஊர்ப் பௌம்கார்ட்னர் கேட்டுக்கொண்டதற்காக எழுதத் தொடங்கியது. அவர் சுரங்க நிர்வாகி. ஆசைக்குச் செல்லோ வாசித்தவர். தமக்குப் பிடித்த மீன் பாட்டும் அதில் வரவேண்டுமென்றார். நான்காம் பகுதியில் வந்தது.

அப்பாட்டின் கவிஞர் ஷூபார்ட் (பெயர்தான் ஒத்திருக்கிறது) அதைச் சிறையில் எழுதினார். கடைசியில் கன்னியருக்கு ஓர் அறிவுரை. ஷூபர்ட் பாட்டாக்கியபோதே அதை வெட்டிவிட்டார். குவின்டெட்டில் சொல்லே இல்லை, துள்ளல் மட்டும்.

'வெறும் ரசிகர்' என்று நம் விமரிசகர்கள் இளக்காரமாகச் சொல்வதை எங்களால் ஏற்க முடியவில்லை. ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த குற்றாலம் இங்கிருந்து கூப்பிடு தூரம். ரசிகர் கேட்டிராவிட்டால் இந்த மீன் வியோலாவுக்கும் டபுள்பேஸுக்கும் நடுவே நீந்தியிராது. அச்சேறியது 1829இல், ஷூபர்ட் முந்தைய ஆண்டே மறைந்திருந்தார்.