பதிவேடே சாட்சி!

சில மாதங்களுக்கு முன்பு, என்னிடம் பொருளாதாரம் பயின்ற மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். திருப்பூரில் ஏறத்தாழ எண்பது பேர் வேலை செய்யும் பின்னலாடை நிறுவனம் ஒன்றை நடத்தி வருபவர். கையில் ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார். ஆடை வாங்கும் ஐரோப்பிய இறக்குமதியாளர், மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் அனுப்பியிருந்த 'நீடித்த நிலைத்தன்மை மதிப்பீடு' அது.

'ஐயா, ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் சான்றாவணம் இணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் ஒழுங்காகத் தருகிறோம்; வைப்பு நிதி கட்டுகிறோம்; அனுமதி பெற்ற சாயப்பட்டறைக்குத்தான் துணியை அனுப்புகிறோம். இதையெல்லாம் செய்கிறோம் என்பதற்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவது?' என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. ஏற்றுமதியை நம்பி வாழும் ஆயிரக்கணக்கான சிறு, குறு நிறுவனங்கள் இன்று இதே கேள்வியை எதிர்கொண்டு நிற்கின்றன. சரியான விடை கிடைக்காவிட்டால் அடுத்த கொள்முதல் ஆணை வேறு ஊருக்கோ, வேறு நாட்டுக்கோ போய்விடும்.

ஜெர்மனியில் 2023 முதல் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம், அந்நாட்டுப் பெருநிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் வழங்குவோரிடம் மனித உரிமை மீறல் உள்ளதா என்று கண்காணிப்பதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதே நோக்கில் ஓர் ஆணையை ஏற்றது. அதை நடைமுறைப்படுத்தும் காலம் பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. இந்தியாவில் பங்கு மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் வணிகப் பொறுப்பு, நீடித்த நிலைத்தன்மை அறிக்கையை 2022-23 நிதியாண்டு முதல் வெளியிட வேண்டும் என்று 'செபி' விதித்தது. முன்னணி நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் வழங்குவோரைப் பற்றியும் தகவல் தர வேண்டும் என்ற அடுத்த படியை, 2025 மார்ச் சுற்றறிக்கையில் விருப்பத்தின் பேரிலானதாக மாற்றியது. சட்டத்தின் கெடு தள்ளிப்போனாலும் வாங்குவோரின் கேள்வித்தாள் நிற்கவில்லை.

இதன் பின்னே இருக்கும் பொருளாதாரம் எளிமையானது. பொருளின் உண்மைத் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்நிலையில் நல்ல பொருளுக்கும் உரிய விலை கிடைக்காமல், கெட்ட பொருளே சந்தையை நிறைத்துவிடும் என்று ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை விளக்கியது. அதன் ஆசிரியருக்கு 2001-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சட்டையைத் தொட்டுப் பார்த்துத் துணியின் தரத்தை அறியலாம். அதைத் தைத்தவருக்கு மிகைநேர ஊதியம் தரப்பட்டதா, சாயக் கழிவு எங்கே போனது என்பதைத் தொட்டுப் பார்த்து அறிய முடியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சான்றாவணம் கேட்கப்படுகிறது.

ஏற்கத்தக்க சான்றாவணம் எது? பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட எக்கோவாடிஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் சுற்றுச்சூழல், தொழிலாளர் நலனும் மனித உரிமையும், வணிக நெறி, பொறுப்பான கொள்முதல் ஆகிய நான்கு தலைப்புகளில் மதிப்பெண் வழங்குகின்றன. மூன்று வகைச் சான்றுகளை அவை எதிர்பார்க்கின்றன. என்ன செய்வோம் என்று சொல்லும் கொள்கை முதலாவது. அதற்காக என்ன செய்தோம் என்று காட்டும் நடவடிக்கை இரண்டாவது. செய்ததால் என்ன மாறியது என்று எண்ணிக்கையில் சொல்லும் விளைவு மூன்றாவது. ஒவ்வோர் ஆவணத்திலும் நிறுவனத்தின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். அது எந்தப் பிரிவுக்கு, எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பது விளங்க வேண்டும். வரைவு நகலும், கேள்வித்தாளுக்காகவே அவசரமாகத் தட்டச்சு செய்த உறுதிமொழியும் எடுபடுவதில்லை.

என் மாணவரின் கோப்புகளை இருவரும் விரித்துப் பார்த்தோம். எதுவும் இல்லை என்று நினைத்து வந்தவரிடம் பெரும்பகுதி இருந்தது. வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. செலுத்திய சலான்கள் மாதந்தோறும் அடுக்கப்பட்டிருந்தன. வயதுச் சான்றுடன் கூடிய பணியாளர் பதிவேடு இருந்தது. துணிக்குச் சாயமேற்றும் பட்டறை மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் பெற்ற இசைவாணையின் நகலும், அந்தப் பட்டறை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர் என்பதற்கான கடிதமும் கேட்ட மாத்திரத்தில் கிடைத்தன.

கரியமில வாயு வெளியேற்றக் கணக்கு என்ற சொல்லே அவரை மிரட்டியிருந்தது. பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளைக் கூட்டினோம். ஏறத்தாழ 60,000 யூனிட் வந்தது. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கணக்கின்படி, நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. பெருக்கினால் ஆண்டுக்கு 42 டன். மின்னாக்கிக்கு வாங்கிய டீசலின் ரசீதுகளைக் கொண்டு இன்னொரு கணக்கு. முந்தைய ஆண்டின் எண்ணையும் அருகில் எழுதினால் அதுவே விளைவுச் சான்று. இதற்கு எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

அவரிடம் இல்லாதது கொள்கை ஆவணம்தான். 'குழந்தைத் தொழிலாளரை அமர்த்துவதில்லை என்பது எங்கள் கொள்கை. அதை எழுதி மாட்ட வேண்டும் என்று தோன்றவில்லை' என்றார். செய்வதைச் சொல்லத் தெரியாத நேர்மையாளரின் நிலை அது. அவருக்கு நேரெதிராக, செய்யாததை அழகாகச் சொல்லத் தெரிந்தவர்களும் சந்தையில் இருக்கிறார்கள்.

என்னிடம் வருமுன் அவர் ஆலோசகர் ஒருவரைச் சந்தித்திருந்தார். கொள்கை ஆவணங்கள் அனைத்தையும் ஒரே வாரத்தில் தயாரித்துத் தருவதாகவும், அவற்றுக்கு ஈராண்டு முந்தைய தேதியிடலாம் என்றும் அந்த ஆலோசகர் சொல்லியிருக்கிறார். விபத்துப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, 'இதை அனுப்பாதீர்கள். விபத்தே இல்லை என்று புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளலாம்' என்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிவேட்டில் நான்கு பதிவுகள் இருந்தன. தைக்கும்போது ஊசி விரலில் ஏறியவை மூன்று. துணி வெட்டும் இயந்திரத்தில் உள்ளங்கை கிழிந்தது ஒன்று. என்ன சிகிச்சை, எத்தனை நாள் விடுப்பு, பின்னர் எந்த இயந்திரத்துக்கு விரல் காப்பு பொருத்தப்பட்டது என்பதெல்லாம் மேற்பார்வையாளரின் கையெழுத்தில் தமிழில் இருந்தன.

புதிய பதிவேடு எழுதுவது ஒரு மாலை நேர வேலை. அதன் விலை என்ன என்பதற்குக் கராச்சி சாட்சி. அந்நகரின் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலையில் 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்தது. வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தன; ஜன்னல்களில் கம்பிகள் இருந்தன. 250-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். தொழிலாளர் நலனும் பாதுகாப்பும் முறையாக இருப்பதாகக் கூறும் எஸ்.ஏ.8000 என்ற பன்னாட்டுச் சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. கோப்பில் குறையில்லை, கதவுகள்தான் பூட்டியிருந்தன.

சான்று ஏன் இப்படிப் பொய்க்கிறது? குஜராத்தில் நடந்த ஆய்வு ஒன்று இதற்குத் தெளிவான விடை தருகிறது. அம்மாநிலத்தில் மாசு உண்டாக்கக்கூடிய ஆலைகள் தனியார் தணிக்கையாளரைக் கொண்டு ஆய்வறிக்கை தர வேண்டும். அப்போது தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் அவருக்குக் கட்டணம் தந்ததும் ஆலையே. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிகோலஸ் ரயான் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2009 முதல் ஈராண்டுகள் அங்கு ஒரு சோதனை நடத்தினர். வழக்கமான அறிக்கைகளில் மாசு அளவுகள் சட்ட வரம்புக்குச் சற்றே கீழே வரிசை கட்டி நின்றன. நேரில் அளந்தபோது பல இடங்களில் அவை வரம்பைத் தாண்டியிருந்தன.

பிறகு ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் விதியை மாற்றினர். தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினர். கட்டணத்தைப் பொது நிதியிலிருந்து தந்தனர். அளந்ததைத் திடீரென மீண்டும் அளந்து சரிபார்த்தனர். வரம்பு மீறிய ஆலையை 'சரி' என்று பொய்யாக எழுதுவது 80 விழுக்காடு குறைந்தது. ஆலைகளும் மாசைக் குறைத்தன. நம் ஊர் மனிதர்கள்தான், அதே தணிக்கையாளர்கள்தான். சம்பளம் தரும் கை மாறியதும் எழுதும் கை நேரானது.

'இதெல்லாம் மேலை நாடுகள் நம் வணிகத்தைத் தடுக்கச் செய்யும் சூழ்ச்சி' என்ற குரலும் எழுகிறது. அதில் ஓரளவு நியாயம் உண்டு. பாதுகாப்புக்கு ஆவணம் கேட்கும் அதே இறக்குமதியாளர், சட்டைக்குத் தரும் விலையைக் குறைக்கிறார், கெடுவைச் சுருக்குகிறார். மிகைநேர வேலை அங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனாலும் நொய்யலை நாம் மறந்துவிடக் கூடாது. சாயக் கழிவுக்கு எதிராக நீதிமன்றம் சென்றவர்கள் ஐரோப்பியர்கள் அல்லர். ஒரத்தப்பாளையம் அணைக்குக் கீழே பாசனம் செய்த நம் விவசாயிகள். சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பிறகுதான், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறைக்குத் திருப்பூர் முழுமையாக மாறத் தொடங்கியது. அதற்குப் பெரும் பொருள் செலவாகியிருக்கிறது. அந்தச் செலவைச் செய்த ஊர், அதற்கான சான்றைக் காட்டத் தெரியாமல் ஆணையை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

எனவே செய்ய வேண்டியவை சில உண்டு. முதலாவது, சட்டப்படி ஏற்கெனவே பேணப்படும் ஆவணங்களையே முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும். மின்கட்டண ரசீது, வைப்பு நிதிச் சலான், மாசு கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை ஆகியவற்றைப் பின்தேதியிட்டு எழுத முடியாது. இவற்றைத் தொகுத்த ஒரே கோப்பை எல்லா இறக்குமதியாளர்களும் ஏற்கும் ஏற்பாட்டுக்கு ஏற்றுமதியாளர் அமைப்புகள் முயல வேண்டும். பத்து இறக்குமதியாளருக்குப் பத்துக் கேள்வித்தாள் நிரப்புவது சிறு நிறுவனத்தின் நேரத்தைத் தின்கிறது.

இரண்டாவது, குஜராத் காட்டிய வழியில், ஆய்வாளரின் கட்டணம் ஆய்வுக்குள்ளாகும் நிறுவனத்திடமிருந்து நேரடியாகப் போகக் கூடாது. வாங்குவோரும் பங்களிக்கும் பொது நிதியிலிருந்து அது தரப்பட வேண்டும்.

மூன்றாவது, தொழிலாளியும் மேற்பார்வையாளரும் புரிந்து எழுதும் தமிழ்ப் பதிவேட்டுக்கு மதிப்பு வேண்டும். ஆங்கிலச் சுருக்கம் தேவையானால் இணைக்கலாம். மூலம் தமிழிலேயே இருக்கட்டும். இதில் நம் கல்லூரிகளுக்கும் பங்கு உண்டு. வணிகவியல், பொருளாதார மாணவர்கள் ஒரு பருவம் அருகிலுள்ள சிறு ஆலையில் அமர்ந்து மின்கணக்கும் தண்ணீர்க் கணக்கும் தொகுத்துத் தந்தால், ஆலைக்கும் உதவி. அவர்களுக்கும் எந்தப் பாடநூலும் தராத பயிற்சி.

நான்காவது, கேள்வி ஒருவழிப் பாதையாக இருக்கக் கூடாது. கொடுத்த விலையும் கெடுவும் நியாயமானவையா என்பதற்கு வாங்குபவரும் சான்று தரட்டும்.

என் மாணவர் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். கொள்கைகளை இரண்டு பக்கத்தில் எழுதி, தொழிலாளர்களுக்குப் படித்துக் காட்டி, அன்றைய தேதியிட்டே கையெழுத்திட்டார். விபத்துப் பதிவேட்டை உள்ளது உள்ளபடி அனுப்பினார். புதிய கொள்கை என்பதால் அந்தப் பகுதியில் மதிப்பெண் குறைந்தது. மொத்தத்தில் நடுத்தர மதிப்பெண்தான் கிடைத்தது. ஓராண்டுக்குள் குறைகளைச் சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொள்முதல் தொடர்கிறது. அதே ஆலோசகரிடம் ஆவணம் வாங்கிய பக்கத்து நிறுவனத்துக்கு இவரைவிடக் கூடுதல் மதிப்பெண் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த வருத்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை. மதிப்பிடும் முறை மாறும்வரை நேர்மையாளர்கள் சுமக்க வேண்டிய பாரம் அது.

விடைபெறும்போது, அவர் கோப்பிலிருந்து இன்னொரு பதிவேட்டை எடுத்துக் காட்டினார். பின்னலாடை ஆலைகளில் தையல் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். பிறகே புது ஊசி தரப்படும். எங்கோ ஒரு குழந்தை அணியப்போகும் சட்டைக்குள் ஊசிமுனை தங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. தேதி, இயந்திர எண், தைத்தவரின் கையொப்பம், பசைநாடாவின் கீழே துருவேறத் தொடங்கிய சின்னஞ்சிறு இரும்புத் துண்டுகள். ஆண்டுக்கணக்கில் ஒரு நாளும் தவறாமல் அது நிரம்பியிருந்தது.

எந்தத் தேர்வுக்காகவும் எழுதப்படாத அந்தப் பதிவேட்டைப் போல மற்றவையும் ஆகிவிட்டால், சான்றாவணம் தயாரிக்கும் வேலை என்று தனியாக ஒன்று இருக்காது. வேலை நடந்த இடத்தில் அதன் சுவடு தானே இருக்கும்.